வன்னியில் குடித்தொகைப் பிறப்புரிமையியல்: எங்கள் கலந்துரையாடல் வட்டத்திடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா பம்பைமடுவில் உயிரியல் படிக்கும் சிலரும் கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயம் படிக்கும் சிலரும் சேர்ந்து பேசும் வட்டம் இது. காட்டிலும் குளத்திலும் வயலிலும் தன்பாட்டில் பெருகும் உயிர்களின் பரம்பரையலகுகளைப் பற்றித்தான் பேச்சு. குடித்தொகை என்பது தமக்குள் சேர்ந்து பெருகும் ஒரே இன உயிர்களின் கூட்டம். புதிதாக வருகிறவர்களும், ஊர்களில் எங்களை மறித்து விசாரிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பிறப்புரிமையியல், மரபியல் இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். இங்கே உயர்தரத்தில் பிறப்புரிமையியல், பரம்பரையலகு, எதிருரு, நிறமூர்த்தம் என்று படித்தோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பிறப்புரிமையியல் மரபியல் என்றும், பரம்பரையலகு மரபணு என்றும், நிறமூர்த்தம் குரோமோசோம் என்றும் இருக்கும். எதிருரு என்பது ஒரே பரம்பரையலகின் வெவ்வேறு வடிவங்களில் ஒன்று. வட்டத்தில் எந்தச் சொல்லையும் சொல்லலாம், சொன்னது எது என்று விளங்கினால் போதும். இந்தப் பக்கத்தில் நம் பாடப்புத்தகச் சொற்களையே வைத்திருக்கிறேன்.

"இயற்கைக் குடித்தொகை" என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆய்வுகூடத்தில் எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்று நாம் முடிவு செய்கிறோம். இயற்கையில் அந்த முடிவு நம் கையில் இல்லை. யார் யாரோடு சேர்ந்தார்கள், எத்தனை குஞ்சு பிழைத்தது, வெளியிலிருந்து எது வந்தது என்பதை நாம் பார்த்திருக்கவில்லை. எதிருருக்களின் விகிதத்தைப் பார்த்துத்தான் பின்னோக்கி ஊகிக்கிறோம். மன்னார்ப் பெருக்கமரம் மாதிரி மனிதர் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்லப்படும் மரங்களையும் இந்த முறையில் படிக்கலாம். பெருக்கமரம் ஆபிரிக்காவுக்கு உரியது, அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழியான பேச்சு. நாலைந்து விதையிலிருந்து ஒரு கூட்டம் தொடங்கினால் அந்த நாலைந்து விதையில் இருந்த எதிருருக்கள் மட்டுமே பின்னால் வரும் எல்லா மரத்திலும் இருக்கும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் இந்த மரத்தைத் தொடவேண்டாம் என்பேன். அதன் கலங்களில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரண்டல்ல, நான்கு பிரதிகள். படித்த சூத்திரங்கள் நேரடியாகப் பொருந்தாது.

ஒரு குடித்தொகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்?

இந்தத் துறையில் மிகவும் கடினமான கேள்வி இதுதான். ஆய்வு கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

குளத்து விராலை எடுத்துக்கொள்ளுங்கள். இரணைமடுவும் வவுனிக்குளமும் வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரியும். ஆனால் இரணைமடு கனகராயன் ஆற்றில் இருக்கிறது, அந்த ஆறு சுண்டிக்குளக் கடல்நீரேரிக்குப் போகிறது. வவுனிக்குளம் பாலியாற்றில் இருக்கிறது, அது மேற்கே பாக்குநீரிணைக்குப் போகிறது. மீனுக்கு இந்த இரண்டும் வேறு வேறு நாடு மாதிரி. அதேநேரம் ஒரே ஆற்றுப்படுகையில் ஆறேழு கிலோமீற்றர் தள்ளி இருக்கும் சின்னக் குளங்கள் இரண்டு, மாரியில் வான் பாயும்போது ஒன்றாகிவிடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது எந்தக் குளத்து மீன் எந்த வயலுக்குள் போனது என்று அந்தந்த ஊரில் கேட்டால்தான் தெரியும். மாவட்ட எல்லையும் பிரதேச செயலர் பிரிவும் நமக்கு உதவாது.

இதைச் சரியாகப் பிரிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு குளத்தில் 50 மீன், எல்லாம் பெரிய ஏ (A) எதிருருவின் இரண்டு பிரதிகள் உடையவை. மற்றக் குளத்தில் 50 மீன், எல்லாம் சின்ன ஏ (a) எதிருருவின் இரண்டு பிரதிகள் உடையவை. நீங்கள் இரண்டையும் ஒரே வாளியில் போட்டு ஒரே குடித்தொகை என்று எழுதினால் இரண்டு எதிருருவும் சரிபாதி. எழுமாற்றாக, அதாவது தற்செயலாக, கலந்திருந்தால் நூறு மீனில் 50 கலப்புநுகமாக, அதாவது இரண்டு எதிருருவிலும் ஒவ்வொன்று உடையதாக, இருக்க வேண்டும். உங்களிடம் ஒன்றுகூட இருக்காது. உடனே "உட்கலப்பு அதிகம்" என்று முடிவு எழுதத் தோன்றும், அதாவது நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே சேர்ந்திருக்கின்றன என்று. மீனில் ஒரு பிழையும் இல்லை, வாளியில்தான் பிழை. இதற்கு வாலுண்ட் விளைவு என்று பெயர். கணினி இதை ஓரளவு பிடித்துக் கொடுக்கும், ஆனால் வாய்க்கால் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது.

ஹார்டி-வெயின்பேர்க் சமநிலை இயற்கையில் எங்கேயும் இல்லையே. ஏன் இன்னும் அதைப் படிக்கிறோம்?

1908 இல் இங்கிலாந்தில் ஹார்டி என்ற கணிதவியலாளரும் ஜேர்மனியில் வெயின்பேர்க் என்ற மருத்துவரும் தனித்தனியே எழுதியது இது. இயற்கைத் தேர்வு இல்லை, விகாரம் (பரம்பரையலகில் வரும் திடீர் மாற்றம்) இல்லை, வெளியார் வரவு இல்லை, கூட்டம் மிகப் பெரியது, சேர்க்கை எழுமாற்று என்றால் எதிருரு விகிதம் தலைமுறை தலைமுறையாக மாறாது. இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒன்றாகக் கிடைப்பது அரிது. அதனால்தான் அது பயன்படுகிறது. மட்டம் வைத்துப் பார்த்தால்தான் சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். மேலே சொன்ன குளக்கணக்கில் 50 எதிர்பார்த்து 0 கண்டதால்தானே ஏதோ நடந்திருக்கிறது என்று விளங்கியது?

போரில் இவ்வளவு பனை அழிந்ததே. பனையின் பரம்பரை வளமும் அழிந்துவிட்டதா?

வட்டத்தில் அதிகம் பேசப்பட்டது இதுதான். எனக்கும் மனதுக்கு நெருக்கமான கேள்வி.

ஷெல் விழுந்து தலை போன பனைகளும், காப்பரணுக்கும் பதுங்குகுழிக்கும் தறித்த பனைகளும் எவ்வளவு என்று வன்னியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மரத்தின் எண்ணிக்கை குறைவதும் எதிருருக்கள் குறைவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பனை நீண்ட ஆயுள் உள்ளது. இன்று நிற்கும் முதிய பனைகள் போருக்கு முந்திய சேர்க்கையில் பிறந்தவை, அவற்றில் பழைய வளம் இன்னும் இருக்கலாம். இழப்பு தெரியத் தொடங்குவது 2009 க்குப் பிறகு முளைத்த வடலிகளில். ஆகவே ஒரே பனங்கூடலில் முதிய மரங்களையும் வடலிகளையும் தனித்தனியே மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். முதலில் காணாமல் போவது அரிய எதிருருக்கள். கலப்புநுக வீதம் மெதுவாகத்தான் இறங்கும், அதை மட்டும் பார்த்துவிட்டு "பாதிப்பில்லை" என்று சொல்லிவிடக் கூடாது.

பனையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆண் பனை வேறு, பெண் பனை வேறு. பூக்கும் வரைக்கும், அதாவது பன்னிரண்டு, பதினைந்து வருடம் வரைக்கும், வெளியில் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. நூறு மரம் நிற்கும் ஒரு கூடலில் 90 பெண், 10 ஆண் என்று வையுங்கள். பரம்பரைக் கணக்கில் அது நூறு மரமே அல்ல. ஆண் எண்ணிக்கையைப் பெண் எண்ணிக்கையால் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் பயனுறு குடித்தொகைப் பருமன் வரும், அதாவது எதிருருக்களைக் கடத்துவதில் அந்தக் கூடல் எத்தனை மரத்துக்குச் சமம் என்ற எண். 4 × 10 × 90 = 3600, அதை நூறால் வகுத்தால் 36. ஐம்பதுக்கு ஐம்பது என்றால் முழு நூறும் கிடைக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புநுக வீதம் குறைகிற அளவு, இந்தப் பருமனை இரண்டால் பெருக்கி அதில் ஒரு பங்கு. நூறுக்கு 200 இல் ஒன்று, 36 க்கு 72 இல் ஒன்று. எந்த மரமும் நோயில் விழவில்லை, யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, வெறும் தற்செயலாலேயே இவ்வளவு போகிறது. பரம்பரையலகு நகர்வு என்று படித்தது இதைத்தான்.

ஆகவே பனம்விதை நடுகிற சங்கங்களிடமும் பள்ளிக்கூடங்களிடமும் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்று. வசதிக்காக ஒரே மரத்தடியில் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கி, ஒரு கிலோமீற்றர் வரிசைக்கு நட்டுவிடாதீர்கள். அந்த வரிசை முழுக்க ஒரு தாயின் பிள்ளைகளாகிவிடும். பல கூடல்களிலிருந்து, ஒரு மரத்துக்குச் சில கொட்டை என்று எடுத்துக் கலந்து நடுங்கள். இதற்கு ஆய்வுகூடம் எதுவும் தேவையில்லை.

பழைய நெல்லினங்களுக்கும் இதே கணக்கா?

இல்லை, நெல் வேறு மாதிரி. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும். அயல் மகரந்தம் சேர்வது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதனால் ஒவ்வொரு செடியும் ஏறத்தாழத் தூய வழி, அதாவது பிள்ளைகளும் தாயைப் போலவே இருக்கும். பச்சைப்பெருமாளோ மொட்டைக்கறுப்பனோ ஒரு கமக்காரர் வீட்டு மூட்டையில் இருந்தால், அது பல தூய வழிகள் கலந்த கூட்டம். ஒரு கதிரை மட்டும் பிடுங்கிவந்து "இனத்தைப் பாதுகாத்துவிட்டேன்" என்றால், கூட்டத்தில் ஒருவரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து விதைநெல்லை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் பல. யாராவது இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் வயல் முழுக்க நடந்து ஐம்பது, அறுபது செடியிலாவது தனித்தனியே கதிர் எடுங்கள். எடுத்ததில் ஒரு பங்கு கன்னொறுவையில் இருக்கும் தாவரப் பரம்பரை வள நிலையத்துக்குப் போகலாம், ஒரு பங்கு அதே கமக்காரரிடம் திரும்பிப் போக வேண்டும்.

வயலுக்குள் வரும் களை நெல் நம் நெல்லின் கலப்புப் பிள்ளையா?

பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறோம். அறுவடைக்கு முன்பே மணி உதிர்ந்து மண்ணில் கிடந்து அடுத்த போகத்தில் முளைப்பது காட்டு நெல்லின் குணம். இலங்கையில் காட்டு நெல் ஐந்து இனம் உண்டு. அவற்றில் ஒரைசா நிவாரா, ஒரைசா ரூபிபோகன் இரண்டும் பயிர் நெல்லோடு கலக்கக்கூடியவை. உலர்வலயத்தில் மட்டும் வளரும் ஒரைசா றைசோமாற்றிஸ் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அது வேறு நிறமூர்த்தத் தொகுதியைச் சேர்ந்தது, பயிரோடு இலகுவில் கலவாது. குளத்தோரச் சதுப்பில் நிற்கும் ஏதோ ஒரு புல்லை மாடு மேய்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, அது உலகத்திலேயே இங்கு மட்டும் இருக்கும் நெல்லாக இருக்கலாம் என்று ஒருவர் முதல்முறை எனக்குச் சொன்னபோது நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

களை நெல் வயலுக்கு வயல் பரவுவதில் காற்றைவிட அறுவடை இயந்திரத்துக்குப் பங்கு அதிகம். ஒரு ஊரில் வெட்டிவிட்டுக் கழுவாமல் அடுத்த ஊருக்குப் போகும் இயந்திரத்துக்குள் மணிகள் இருக்கும். மாதிரி எடுக்கும்போது அந்த வயலை எந்த இயந்திரம் வெட்டியது, அது எங்கிருந்து வந்தது என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

திலாப்பியாவை ஆய்வுக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எதைக் கேட்கிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். நம்மாட்கள் ஜப்பான் மீன் என்று சொல்வது ஒரு இனமல்ல. மொசாம்பிக் திலாப்பியா 1952 இல் இலங்கைக்கு வந்தது, நைல் திலாப்பியா பிறகு வந்தது. குளங்களில் இரண்டும் கலந்துவிட்டன. மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து குளங்களில் விடுவதும் தொடர்ந்து நடக்கிறது. இயற்கையாக எது எங்கே பரவியது என்று கேட்க இந்த மீன் உதவாது. இரண்டு இனம் கலந்தால் என்ன நடக்கும் என்று கேட்க இதைவிட நல்ல மீன் கிடையாது.

எத்தனை மாதிரி வேண்டும்? எப்படிப் பாதுகாப்பது?

ஒரு குடித்தொகைக்கு 25 முதல் 30 தனியன்கள் என்பது எதிருரு விகிதம் கணிக்கப் பொதுவாகப் போதும். அதைவிட முக்கியம், அவை நெருங்கிய உறவாக இருக்கக் கூடாது. விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக வைத்துக் காவல் காக்கும். ஒரு வீச்சில் முப்பது குஞ்சு அகப்பட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அத்தனையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

மீனுக்குச் செட்டை நுனியில் ஒரு துண்டு போதும், மீனைத் திரும்ப விடலாம். அதை 95 வீத எதனோலில் போடுங்கள். இலைக்குச் சிலிக்கா ஜெல், விரைவாகக் காயவேண்டும். மின்சாரம் நின்றுபோகும் இடத்தில் குளிரூட்டியை நம்புவதைவிட எதனோலும் சிலிக்காவும் பாதுகாப்பு. சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். பேனா மை எதனோலில் கரைந்துவிடும். எங்களில் ஒருவர் இரண்டு நாள் வேலையை இப்படி இழந்திருக்கிறார்.

யானைக்கு எப்படி? இரத்தம் எடுப்பீர்களா?

தேவையில்லை. இலத்தி வெளியே வரும்போது குடலின் கலங்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிவரும். விடியப்புறம், வெயில் ஏறுமுன், புதிய இலத்தியின் வெளிப்படையை மெல்லச் சுரண்டி எடுத்தால் டி.என்.ஏ. கிடைக்கும். கவனிக்க வேண்டியது, எந்தக் குறிப்பானை, அதாவது டி.என்.ஏ.யின் எந்தப் பகுதியை, படிக்கிறீர்கள் என்பது. இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) டி.என்.ஏ. தாய்வழி மட்டும் வரும். பெண் யானைகள் தாய்க்கூட்டத்தோடு தங்கும், ஆண்கள் பிரிந்து போகும். ஆகவே இழைமணியைப் பார்த்தால் கூட்டங்கள் பிரிந்து தெரியும், கலத்தின் கருவில் உள்ள டி.என்.ஏ.யைப் பார்த்தால் ஆண்கள் அவற்றை இணைத்திருப்பது தெரியும். இரண்டு முடிவும் உண்மைதான். மின்வேலியும் புதிய தெருவும் ஆண் யானையின் நடமாட்டத்தை மறித்தால், நாளடைவில் இந்த இணைப்புத்தான் முதலில் அறும்.

இந்த ஆய்வுகளால் மனிதருக்கு ஏதும் பயன் உண்டா?

நுளம்பைச் சொல்கிறேன். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. வன்னியில் மலேரியா கண்ட வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி. அதே ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான், இலங்கையில் அதுவரை பதிவாகாதது. கண்ணால் பார்த்ததை டி.என்.ஏ. வரிசையோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்தினார்கள். நுளம்பில் தோற்றத்தால் பிரிக்க முடியாத உடன்பிறப்பு இனங்கள் உண்டு. ஒன்று நோய் பரப்பும், மற்றது அவ்வளவாகப் பரப்பாது. எது எது என்று தெரியாமல் மருந்தடித்தால் பணமும் உழைப்பும் தவறான இடத்துக்குப் போகும். மருந்து எதிர்ப்பும் எதிருரு விகிதம் மாறுவதுதான். 1963 இல் நாடு முழுக்க 17 நோயாளிகளாகக் குறைந்த மலேரியா, 1968, 69 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டித் திரும்பியது. கண்காணிப்புத் தளர்ந்ததும் மருந்து நிறுத்தப்பட்டதும் அதற்குக் காரணம். பிறகு டி.டி.ரி. என்ற பூச்சிமருந்துக்கு நுளம்புகள் எதிர்ப்புப் பெற்றதால் 1970 களில் மலத்தியன் என்ற மருந்துக்கு மாற வேண்டி வந்தது.

ஆய்வுகூட வசதி குறைவு. என்ன செய்யலாம்?

தரவு வெளியில் இருக்கிறது. ஜென்பேங்க் என்ற டி.என்.ஏ. வரிசைத் தரவுத்தளத்தில் எந்த வரிசையையும் இலவசமாக இறக்கலாம். 2014 இல் வெளியான மூவாயிரம் நெல் மரபுத்தொகுதித் தரவும் எல்லோருக்கும் திறந்தது. ஆர், ஸ்ட்ரக்சர் போன்ற மென்பொருள்களும் இலவசம். நாங்கள் ஒரு வருடம் அடுத்தவர் தரவிலேயே பழகினோம். அப்புறம்தான் எங்கள் மாதிரிக்குக் கை வைத்தோம்.

அனுமதி எடுக்க வேண்டுமா?

கட்டாயம். காட்டு விலங்குக்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், ஒதுக்கக் காட்டுக்கு வனத் திணைக்களம். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தனி அனுமதி. விண்ணப்பத்தை முதலிலேயே கொடுங்கள், பதில் வரும்வரை வாசியுங்கள். மிதிவெடிப் பலகை உள்ள இடத்துக்கு எந்த மாதிரிக்காகவும் போகக் கூடாது. முகமாலைப் பக்கம் எவ்வளவு நல்ல பனங்கூடல் தெரிந்தாலும், கண்ணிவெடி அகற்றியவர்கள் கையளித்த நிலத்தில் மட்டுமே நடப்போம்.

மனிதரின் டி.என்.ஏ.யும் எடுப்பீர்களா?

இல்லை. முல்லைத்தீவில் ஒரு வீட்டு வளவில் வடலி ஓலை நுனியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா கிட்ட வந்தார். "தம்பி, டி.என்.ஏ. எண்டால் எலும்பை வைச்சு ஆளைச் சொல்லுறதுதானே. உங்களால ஏலுமோ?" என்று கேட்டார். எங்களால் முடியாது என்று சொன்னேன். அவர் தேநீர் போட்டுத் தந்துவிட்டுத்தான் அனுப்பினார்.

அவருக்கு அன்று சொல்லத் தெரியாததை இங்கே எழுதுகிறேன். எலும்பில் இருந்து எடுக்கும் டி.என்.ஏ.யைத் தாய், தந்தை, பிள்ளை, சகோதரரின் மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் ஆளை அடையாளம் காண்பார்கள். ஒப்பிடுவது, நாங்கள் பனையிலும் மீனிலும் எண்ணுவது போன்ற, திரும்பத் திரும்ப வரும் சின்ன டி.என்.ஏ. துண்டுகளைத்தான். ஒத்துப்போனால் அது எவ்வளவு உறுதி என்று கணிக்க, அந்த மக்களிடையே ஒவ்வொரு எதிருருவும் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த அளவில் இது எங்கள் துறைக்கு உறவு. ஆனால் அதைச் செய்ய வேண்டியது சட்ட மருத்துவர்களும், நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இயங்கும் ஆய்வுகூடமும். மாணவர்கள் கையில் அது இருக்கக் கூடாது. பெற்றோரின் மாதிரிதான் மிக வலுவான ஆதாரம். காணாமல் போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு வயது போகிறது. அவர்கள் விரும்பினால், இருக்கும்போதே மாதிரி எடுத்து, யாருக்கும் கைமாறாமல் பாதுகாத்து வைப்பது அவசரமான வேலை என்று நான் நம்புகிறேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்காதவர்கள் வரலாமா? எந்த மொழியில் பேசுவீர்கள்?

வரலாம். பேச்சு தமிழில். வாசிக்கும் ஆய்வுக்கட்டுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஒருவர் முன்கூட்டியே அதைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கிக் கொண்டுவருவார். சிங்களம் பேசும் மாணவர்கள் வந்தால் பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்ப்பார். எங்கள் குள வரைபடத்தைத் திருத்தித் தந்தவர் நன்னீர் மீன்பிடிக்கும் ஒரு ஐயா. நாங்கள் தனிக்குளம் என்று குறித்திருந்த மூன்று குளங்கள் மாரியில் எப்படிச் சேரும் என்று தரையில் தடியால் கீறிக் காட்டினார். அந்த மூன்றின் மாதிரிகளையும் நாங்கள் மறுபடி முதலிலிருந்து வகைப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.